பாசி எடுக்கும் பன்னிரண்டு நாள்

தூத்துக்குடியில் பேருந்து ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இராமேசுவரம் போகிறவருக்கு, வலப்பக்கம் கடல் கூடவே வருகிறது என்பது பாதி வழிக்குத் தெரியாது. உப்பளம் வரும். அது முடிந்தால் சீமைக் கருவேலங்காடு. நடுவே பனைக்கூட்டம், ஒரு டீக்கடை, மறுபடியும் உப்பளம். வேம்பார் தாண்டிச் சாயல்குடி பக்கம் காற்றில் உப்பு வாடை கூடும்போதுதான் கடல் நினைவுக்கு வரும்.

அந்தக் கடலுக்குள், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரை 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. பவளப்பாறைகளை அண்டி உருவான மணல் திட்டுகள். இந்த 21 என்பது புத்தகக் கணக்கு. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரைச்சல்லித் தீவு, 2018இல் சுமார் 6 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. அதன்பிறகும் தேய்ந்துகொண்டே வருகிறது.

மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையைப் பார்ப்பதற்காகவே 2025 பங்குனியில் கிளம்பினேன். வாடைக்காற்று ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் எழும்பாத மாதம். கடல் தெளிந்து கிடக்கும், உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றால் துறைமுகத்தின் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 1979இலிருந்து படிப்படியாக வளர்ந்து, ஐந்து அலகுகளில் 1050 மெகாவாட் திறன் பெற்ற நிலையம். அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளம் வயதில் கல் எடுக்கப் போனவர் அவர். இங்கே கல் என்றால் பவளப்பாறை, வல்லம் என்றால் நாட்டுப்படகு.

“வல்லத்துல போயி கடப்பாறைய வச்சுப் பேத்து எடுப்போம் தம்பி. வீடு கட்ட, காளவாய்ல சுட்டுச் சுண்ணாம்பாக்க, கார்பைடு கம்பெனிக்குன்னு எல்லாத்துக்கும் போகும். ஒரு நாளைக்கு ரெண்டு நடை. கடல்ல கெடக்குற கல்லு தீரும்னு யாரு நெனச்சா?”

தீர்ந்தது. பல பத்தாண்டுகள் தோண்டியதில் தீவுகளுக்கு முன்னால் நின்று அலையை உடைத்துக் கொடுத்த அரண் போயிற்று. அரண் போனதும் அலை நேராக மணலில் விழுந்தது, மணல் கரைந்தது. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முதல் காரணம் இந்தக் கல் வெட்டுதான். கடல் மட்டம் உயர்வது அதற்குமேல் வந்து சேர்ந்த சுமை. 2001இல் பவளப்பாறைகளைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்குத் தரும் பாதுகாப்பு கல்லுக்கும் கிடைத்தது. ஆனாலும் கரையில் கல் எடுப்பது ஓய்ந்தது 2004 சுனாமிக்குப் பிறகுதான். “அன்னைக்குத் தீவும் பாரும் இல்லேன்னா எங்க தெரு இருந்திருக்காது,” என்று அந்தப் பெரியவர் சொன்னார். பாறைத்திட்டை இங்கே பார் என்பார்கள். சட்டம் சொல்லிப் புரியாததை அன்றைய காலைப் பொழுது புரியவைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் விலாங்குசல்லியின் வழியில் போயிருக்க வேண்டியது. பாதியாகப் பிளந்து மறையும் நிலைக்கு வந்துவிட்டது. 2015 முதல் அதன் முன்னால், துளைகள் விட்டு வார்த்த கான்கிரீட் பாறைகளை வரிசை வரிசையாக இறக்கினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. அலையின் வேகம் தணிந்து மணல் திரும்பத் தங்கியது. துளைகளில் மீன் குடியேறி, மேற்புறத்தில் பவளமும் ஒட்டத் தொடங்கியது. காரைச்சல்லிக்கும் இதே மருத்துவத்தைத் தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கத்தின் கீழ் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். கடல் இலவசமாகக் கட்டிவைத்திருந்த ஒரு சுவரைக் காசுக்குப் பெயர்த்து விற்று, பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து அதே இடத்தில் சிமெண்டுச் சுவர் வைக்கிறோம் என்ற வருத்தமும் உண்டு.

கீழக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரமலான் மாதம். நோன்பு திறக்கும் நேரத்தில் தெரிந்தவர் வீட்டில் உட்காரவைத்து, கஞ்சியும் வடையும் கூடவே ஒரு தட்டில் கடல்பாசியும் தந்தார்கள். பால் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, சாய்சதுரமாக வெட்டியது. நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அதுபோலக் குளிர்ச்சி வேறில்லை என்றார் வீட்டுக்காரர். இந்தப் பாசியின் மூலப்பொருள் பக்கத்துக் கடலில் விளைகிறது. மீனவப் பெண்கள் மூச்சடக்கி முங்கி எடுக்கும் பாசி, மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகர் ஆகிறது. ஐஸ்கிரீமில், ஜெல்லியில், மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் அது இருக்கிறது. கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் இன்னொரு பாசியிலிருந்து துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்படும் பசைப்பொருள் கிடைக்கிறது. கடையில் பொட்டலமாகத் தொங்கும் கடல்பாசியோ, யாருடைய கையும் படாமல் வந்ததுபோலத் தெரிகிறது.

அந்தக் கைகளைப் பார்த்தது மறுநாள், திருப்புல்லாணிப் பக்கத்துக் கடற்கரையில். விடிவதற்கு முன்பே வல்லத்தில் போயிருந்த பெண்கள் நண்பகலுக்குமேல் திரும்பினார்கள். சேலைக்குமேல் ஆண்கள் சட்டை போட்டு, நெற்றியில் முங்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஈரம் சொட்டும் சாக்குகளை இருவர் இருவராகத் தூக்கி இறங்கினார்கள். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா மணலில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணிக்கந்தலை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உள்ளே விரல் நுனி ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகத்தின் ஓரங்களில் பாறை கீறிய கோடுகள். சில ஆறியவை, சில அன்றைக்கு வாங்கியவை. உப்புத் தண்ணீர் பட்டால் எரியாதா என்று கேட்டேன்.

“எரியத்தான் செய்யும். எரியுதுன்னு சுரண்டியத் தூக்கிட்டுப் போனா பாசியோட வேரும் வந்துரும், பாரும் உடையும். கையால எடுத்தா நுனிதான் வரும். அடி நிக்கும்.”

சின்னப்பாலம், பாம்பன், திருப்புல்லாணி என்று இந்தக் கரையோரப் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. இரும்புச் சுரண்டி கூடாது. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசிக்குப் போவது, அதுவும் ஆறு ஆறு நாளாகப் பிரித்து. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம் பாசி தழைக்கும் காலம் என்பதால் அறவே இறங்குவதில்லை. இவர்களை ஒன்றுசேர்த்த சின்னப்பாலத்து இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பு விருது தந்தது.

“நம்ம வீட்டு ஆடு கடிச்ச செடிய மறுநாளும் கடிக்க விட்டா அது பொழைக்குமா தம்பி? அதான் நாள் விட்டு எடுக்குறோம்,” என்றார் அந்த அம்மா. பாசிக்குப் போகாத பதினெட்டு நாளுக்கும் அடுப்பு எரிய வேண்டும். கூலி வேலை, கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடும் வேலை, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்கிறார்கள். தங்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு கடலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

1986இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தீவுப்பக்கம் போகக்கூடாது என்ற விதி, தலைமுறையாகப் பாசி எடுத்தவர்களை ஒரே நாளில் குற்றவாளிகள் ஆக்கிவிட்டது. விரட்டியதும் பிடித்துவைத்ததும் அபராதம் போட்டதும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. பிறகு அடையாள அட்டை வந்தது, கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. காப்பகம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குக் காவல் வைப்பதானால் முதல் காவலாளியாக இந்த அம்மாவைத்தான் வைக்க வேண்டும். எந்தப் பாரில் எது முளைக்கிறது, எது முளைப்பதை நிறுத்திவிட்டது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நிறுத்திவிட்டது என்றும் அவர்தான் சொன்னார். “முந்தி எடுத்த எடத்துல இப்பப் பாதிகூட இல்ல. வெயில் ஏறுனா தண்ணியே சுடுது. இடுப்பளவு ஆழத்துல நிக்கிறப்பவே தெரியும். காத்தும் சொன்னபடி கேக்கல. கச்சான் இந்த மாசம், கொண்டல் இந்த மாசம்னு எங்கம்மா சொல்லிக்குடுத்த கணக்கெல்லாம் போச்சு.”

பாம்பனில் 2016இல் மீனவர்களுக்காகத் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியில் பருவநிலை மாற்றத்தைப் பற்றி மீனவர்களே வந்து பேசுகிறார்கள். காற்று திசை மாறும் தேதி, மீன் வந்து போகும் காலம், சிறு வயதில் பார்த்துப் பிறகு பார்க்காத மீன்களின் பெயர். அந்த அம்மா மணலில் உட்கார்ந்து சொன்னதும் அங்கே ஒலிபரப்பாவதும் ஒரே செய்திதான். நான் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்தபோது, 1914இன் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய தூக்குப் பாலம் திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. எல்லாரும் செல்போனைத் தூக்கி அதைப் படம் எடுத்தார்கள். கீழே தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது.

தண்ணீர் சுடுவதால் உள்ளே என்ன ஆகிறது என்பதை இராமேசுவரத்தின் வடக்கே ஓலைக்குடாவில் கண்ணால் பார்க்கலாம். அங்கே பாக் விரிகுடாப் பக்கத்துப் பவளப்பாறை கரைக்கு மிக அருகில் இருக்கிறது. நீர் வற்றும் நேரமாகப் பார்த்து ஓர் இளம் மீனவர் கூட்டிப்போனார். எதையும் மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது என்பது அவர் விதித்த கட்டளை. முகத்தைத் தண்ணீரில் வைத்த முதல் சில நிமிடங்கள் கலங்கலும் பாசிமூடிய கற்களும்தான். பிறகு ஓரிடத்தில் அவர் கைகாட்டினார். ஒரு குடம் அளவுக்கு உருண்டையான பவளம். ஒரு பக்கம் பழுப்பும் பச்சையும் கலந்து, நெளி நெளியான வரப்புகளோடு உயிராக இருந்தது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்புறம் வரப்புகள் அப்படியே இருந்தன, ஆனால் மேலே சேறும் இழைப்பாசியும் படர்ந்திருந்தன. ஒரே உடம்பில் பாதி செத்துப் பாதி பிழைத்திருந்தது. பிழைத்த பக்கத்தில் விரல் நீளத்தில் கோடு போட்ட மீன் ஒன்று கொத்திக்கொண்டிருந்தது. செத்த பக்கத்துக்கு அது வரவே இல்லை.

பவளம் பார்க்கக் கல், உண்மையில் விலங்கு. குண்டூசித் தலை அளவுள்ள ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. அவற்றின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துப் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. பவளத்துக்கு நிறம் தருவதும் அவைதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும், இந்தக் கூட்டு முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுத்துவிடும். வெளுத்தது உடனே சாவதில்லை. சீக்கிரம் வெப்பம் தணிந்தால் பாசி திரும்பும், நிறம் திரும்பும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010 கோடையில் இப்படிச் சுமார் 10 விழுக்காடும், 2016இல் சுமார் 16 விழுக்காடும் பவளம் செத்ததாகத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முங்கிக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். 2024இல் உலகம் முழுவதும் மீண்டும் பவளம் வெளுத்தது.

நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் காற்றில் ஏற்றிய புகையால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. கரியமில வாயுவிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடலுக்குள் போய், நீரின் தன்மையையே மாற்றி, பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவதைக் கடினமாக்குகிறது. முன்பு கடப்பாறை எடுத்துப் போனவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். சட்டம் போட்டுத் தடுக்கலாம், பேசிப் புரியவைக்கலாம். இன்றைக்கு உடைப்பது இந்தக் கரைக்கு வராதவர்கள். சென்னையில், கோவையில், பெங்களூரில் இருக்கிறவர்கள். நானும்தான், நீங்களும்தான். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

மாற்று வழியும் இதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அதுவும் குறையில்லாதது அல்ல. வறண்ட வானம் பார்த்த பூமியில் தகடுகளைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உள்ளூர்க்காரர்கள் கேட்பது நியாயம். இருந்தாலும் புகைபோக்கி இல்லாமல் மின்சாரம் எடுக்க முடியும் என்பதற்கு இராமநாதபுரத்து வெயிலே சாட்சி.

தனுஷ்கோடிக்கு எல்லாரும் போவதுபோல நானும் போனேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோன கதை எல்லாருக்கும் தெரியும். இடிந்த தேவாலயச் சுவரின் அருகே போய்ப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லின் முகம் முழுக்க நெருக்கமான சிறு குழிகள். அவை பவளக்கற்கள். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்த வீடு. அந்தச் சுவரில் சாய்ந்துதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் நின்ற நேரத்தில் ஒரு குடும்பம் தண்ணீர் பாட்டிலைச் சுவரின் பொந்தில் செருகிவிட்டுப் போயிற்று. அந்தப் பொந்தில் முன்பே மூன்று பாட்டில்கள் இருந்தன. அரிச்சல்முனை வரை நடந்தால் இரண்டு பக்கமும் கடல் ஒதுக்கிய பிளாஸ்டிக்கும் அறுந்த வலைத்துண்டுகளும் கிடக்கின்றன. அறுந்து மிதக்கும் வலை யாருக்கும் பயன்படாமல் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும், பவளத்தில் மாட்டினால் கிளையை முறிக்கும்.

அக்னி தீர்த்தத்தில் பார்த்தது இன்னும் வேதனை. நீராடியவர்கள் உடுத்திய துணியை அப்படியே கடலில் விட்டுக் கரையேறுகிறார்கள். பாவம் போகும் என்பது நம்பிக்கை. பருத்தித் துணி என்றால் ஒருநாள் மக்கிவிடும். இன்று பெரும்பாலும் பாலியஸ்டர். துப்புரவுப் பணியாளர்கள் முட்டளவு நீரில் நின்று, கம்பால் கோத்து இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். குவியலில் புதுச் சேலைகூட இருந்தது. கைக்கு எட்டாதது பாருக்குப் போய்ச் சேரும்.

கரை நெடுக நடந்து, கேட்டு, பார்த்த பிறகு என் மனதில் தெளிவாக இருப்பது ஒன்றுதான். அளவு தெரிந்தவர்கள் இந்தக் கடலில் இறங்குகிற பெண்கள். அவர்கள் நாளை எண்ணி எடுக்கிறார்கள். அளவில்லாமல் எடுக்கிற நாம் மேட்டில் இருக்கிறோம். ஒரு வீட்டு மின்விசிறியும் ஒரு பாட்டிலும் என்ன செய்துவிடும் என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். அனல்மின் நிலையத்தை மூடுவதும் சூரிய மின்சாரம் சேர்ப்பதும் அரசு எடுக்க வேண்டிய முடிவுகள், அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியதும் நம் வேலைதான். ஆனால் பாசி எடுக்கும் ஒரு பெண்ணும் ஒருத்தி மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்ப் பேசினாள். ஊர் பேசியது, அடுத்த ஊரும் பேசியது, அப்படித்தான் பன்னிரண்டு நாள் வந்தது.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பாசி வளரட்டும் என்று அவர்கள் கடலில் இறங்குவதில்லை, அந்த வருமானமும் இல்லை. அதே மூன்று மாதத்தில்தான் நம் வீடுகளில் ஏசி மிக அதிகமாக ஓடுகிறது, பவளம் வெளுப்பதும் அந்த மாதங்களில்தான். ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று நாட்டின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. வரும் கோடைக்கு 26க்குக் கீழே இறக்காமல் இருந்து பாருங்கள், மின்விசிறியும் சேர்ந்து ஓடினால் போதுமான குளிர்ச்சி. இராமேசுவரம் போனால் தண்ணீர்ப் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போய் வீட்டுக்கே கொண்டுவாருங்கள். பவளத்துண்டு விற்றால் வாங்காதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். அக்னி தீர்த்தத்தில் நன்றாக முழுகுங்கள். ஈரத் துணியைப் பிழிந்து ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.